பொதுவெளி ஒளிக்கலையும் இளையோர் வாய்மொழியும்

பிரான்சு தேசத்துச் சம்போர் மாளிகையின் மதில்களிலே 1952 ஆம் ஆண்டில் விளக்குகள் மாறி மாறி ஒளி வீச, மறைவிலிருந்த ஒலிபெருக்கிகள் அம்மாளிகையின் வரலாற்றை இருளிற் கூடியிருந்தோர்க்கு எடுத்துரைத்தன. மாளிகையின் காப்பாளராயிருந்த போல் றொபேர் ஊடன் என்பார் தொடக்கிவைத்த இக்காட்சிவகை 'ஒலியும் ஒளியும்' என்னும் பெயரோடு சில ஆண்டுகளுள் உலகின் பல பாகங்களுக்கும் பரவிற்று. அரண்மனை, கோட்டை, பாழடைந்த நகரம் என்றிவற்றையே அது தன் அரங்காகக் கொண்டது. அங்கே பேசப்படுவது அரசர் வரலாறு. பேசுவோர் பயிற்சி பெற்ற நடிகர். பேச்சை எழுதிக் கொடுப்போர் வேறு சிலர். கல்லை அடுக்குவித்தவனுக்கு அதில் இடமுண்டு. கல்லைச் சுமந்தவனுக்கு இல்லை. பார்ப்போர் வியந்து வீடு திரும்புவதன்றி அவர்மேல் வேறு கடப்பாடு எதுவும் விழுவதுமில்லை.

அதே சுவரையும் அதே ஒளியையும் கொண்டு இதற்கு நேர்மாறான ஒரு கலை 1990களில் உருவாயிற்று. நகரத்தின் பெருங் கட்டடமொன்றின்மீது, அந்நகரம் செவிசாய்த்திராத ஒருவரின் முகமோ கையோ பேருருவாக வீழ்கின்றது. அவர்தம் குரல் சதுக்கமெங்கும் ஒலிக்கின்றது. அவ்வாறு பேசுவோருட் பலர் இளையோர். அல்லது இளமையிலேயே மாண்டோர் பொருட்டுப் பேசுவோர். இதனைச் சமுதாய ஒளிக்கலை என்று இன்று பலரும் போற்றுகின்றனர். போற்றுதல் எளிது. பேசியவர்க்கு அவ்வொளி யாது செய்தது, கேட்டோரிடம் யாது வேண்டிற்று என்னும் இரண்டையும் வினாவியே இக்கலையின் தரத்தை மதிப்பிடல் வேண்டும். ஒளியின் பேரழகையே அளவுகோலாகக் கொள்ளும் திறனாய்வு இங்கு வழிதவறிவிடும்.

இத்துறையில் முதற்கண் வைத்து எண்ணப்படுபவர் கிறிஸ்ரோப் வொடிச்கோ. 1943 இற் போலந்தின் வார்சோ நகரிற் பிறந்து, கைத்தொழிற் பொருள்களை வடிவமைக்கும் கல்வியைப் பயின்று, 1977 இற் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1980களில் அவர் சுவர்களில் எறிந்தவை பேசாப் படங்கள். 1985 இல் இலண்டன் திரபல்கார் சதுக்கத்துத் தென்னாபிரிக்க இல்லத்தின் முகப்பிலே நாற்சிகளின் சுவஸ்திக்காக் குறியை ஒளியாற் பொறித்தமை அவற்றுட் பெரிதும் பேசப்பட்டது. நிறவெறியாட்சியை ஒரே குறியால் இடித்துரைத்த அச்செயல் கூர்மையானதே. எனினும் அங்குப் பேசியவர் கலைஞர் ஒருவரே, ஒடுக்கப்பட்டோர் பேசினாரல்லர். 1996 இற் போலந்தின் கிராக்கோவ் நகரமண்டபக் கோபுரத்திலே, துன்புற்றோர் தம் வாயாற் கூறிய சொற்களையும் அசையும் படத்தையும் ஒருங்கு சேர்த்தபோதுதான் அவருடைய கலையில் உண்மையான திருப்பம் நேர்ந்தது.

அத்திருப்பத்தின் முதிர்ச்சியை ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்திற் காணலாம். அங்குச் சாள்ஸ்ரவுண் என்னும் பகுதியில் நிற்கும் பங்கர்க் குன்று நினைவுத்தூண் 221 அடி உயரமுள்ள கருங்கற் கம்பமாகும். 1775 யூன் 17 இல் ஆங்கிலப் படையோடு குடியேற்ற நாட்டார் பொருத போரின் நினைவாக 1825 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1843 இல் நிறைவெய்தியது. (பெயர் பங்கர்க் குன்றாயினும் போர் பெரிதும் நிகழ்ந்ததும் தூண் நிற்பதும் அயலிலுள்ள பிரீட் குன்றிலேயாம். பிழைபட்ட பெயரே நிலைபெற்றுவிடுதல் வரலாற்றிற் புதிதன்று.) நிறைவு விழாவிற் பேசிய நாவன்மை மிக்க டானியல் வெப்ஸ்ரர், அன்றைய சொற்பொழிவைத் தம் வாயோ வேறெம் மனித வாயோ நிகழ்த்தல் இயலாது, அசையாது எதிரே நிற்கும் தூணே அதனை நிகழ்த்துகின்றது என்னுங் கருத்துப்படக் கூறினார். அது மேடையலங்காரமாகவே 155 ஆண்டுகள் கிடந்தது.

1998 செப்ரெம்பரிலே மூன்று இரவுகள் அத்தூண் மெய்யாகவே பேசிற்று. சாள்ஸ்ரவுணில் இளைஞர் பலர் தெருக்களிற் கொலையுண்டிருந்தனர். கண்டவர் இருந்தும் சாட்சி சொல்வார் இலராக, கொலைகள் பல துலங்காமலே போயின. அயலாரைக் காட்டிக்கொடாமை என்னும் பழைய வழக்கம் கொலைஞர்க்கு அரணாய் அமைந்துவிட்டது. மகனை இழந்த தாய்மாரையும் உடன்பிறந்தாரையும் வொடிச்கோ பேசவைத்துப் பதிவுசெய்து, அவர்தம் உருவங்களைத் தூணின்மீது எறிந்தார். ஒடுங்கி உயர்ந்த அக்கல் ஒற்றை மனித உருவத்துக்கு அளவெடுத்துச் செய்தது போன்று பொருந்திற்று. கல் முழுவதும் ஒரு தாயானது.

இவ்வாக்கத்தின் வலிமை படத்தின் பருமனில் இல்லை. தூணின் பொருளில் உள்ளது. விடுதலையின் பொருட்டு மடிந்த இளைஞருக்குக் கருங்கல் உண்டு. அக்கல்லின் நிழலிலேயே மடிந்த வேறு இளைஞருக்கு ஒரு சொற்கூட இல்லை. விடுதலைச் சின்னத்தைச் சூழ வாழ்வோர் வாய்திறக்க அஞ்சுகின்றனர் என்னும் முரணை வேறெந்தச் சுவரில் எறிந்திருப்பினும் இத்துணைத் தெளிவாகக் காட்டியிருத்தல் இயலாது. ஆயினும் இளையோர் வாய்மொழி என்னும் நோக்கில் இதற்கோர் எல்லையுண்டு. அவ்விளைஞர் பேசவில்லை, அவர் பேச இயலாதவர். அவர்களின் கதை பிறர் துயரத்தின் வழியாகவே வருகின்றது. தாயின் நினைவில் மகன் எப்பொழுதும் நல்லவனே. அது தாய்க்கு இயல்பு. கேட்போர் அதனைத் தெரிந்தே கேட்டல் வேண்டும்.

இளையோர் தாமே பேசுவதைக் கேட்க, 2001 ஆம் ஆண்டுக்கும் மெக்சிக்கோவின் எல்லை நகரான திஹுவானாவுக்கும் செல்லல் வேண்டும். 1965 இல் மெக்சிக்கோ அரசு வகுத்த எல்லைக் கைத்தொழில் திட்டத்தின் பயனாய், 'மக்கிலாதோரா' என வழங்கும் பொருத்துதற் சாலைகள் அவ்வெல்லை நெடுகிலும் பெருகின. உறுப்புக்கள் வடக்கிலிருந்து வரும். மலிந்த கூலிக்குப் பொருத்தப்படும். முடிந்த பண்டம் வடக்கே மீளும். அச்சாலைகளைத் தொடக்கந்தொட்டு நிறைத்தோருட் பெரும்பாலர் தொலைவூர்களிலிருந்து வந்த இளம் பெண்கள். பண்டம் செல்லும் வழியிற் பண்டம் செய்தவள் செல்ல முடியாது என்பதே அந்நகரத்தின் அமைப்பு.

திஹுவானாப் பண்பாட்டு நிலையம் 1982 இல் திறக்கப்பட்டது. அதன் முகப்பிலுள்ள கோளவடிவான படமாளிகையை ஊரார் 'பந்து' என்றே அழைப்பர். ஒழுங்கு வாய்ந்த அக்கோளம் நகரத்தின் முன்னேற்றத்துக்கு அடையாளமாக எழுப்பப்பட்டது. அதன்மீதே அடுத்தடுத்த இரண்டு இரவுகள் தொழிற்சாலைப் பெண்களின் முகங்கள் தோன்றின. இம்முறை பதிவுசெய்த படத்தை ஓடவிட்டு அமைந்தாரல்லர். பெண்கள் சதுக்கத்தில் நின்று அப்பொழுதே பேசினர். தொழிற்சாலையில் நேர்ந்த கொடுமை, பாலியல் வன்முறை, குடும்பச் சிதைவு, குடிப்பழக்கம், வீட்டு அடியுதை என்பவை அவர்தம் பேச்சின் பொருள்கள். 1,500 பேருக்கு மேற்பட்டோர் கூடிக் கேட்டனர்.

வொடிச்கோ இதற்கெனச் செய்த கருவி தனியே நோக்கத்தக்கது. தலையில் அணியும் சட்டமொன்றிலே சிறு கமராவும் ஒலிவாங்கியும் முகத்தை நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தன. அணிந்தவள் எப்பக்கம் திரும்பினும், நடப்பினும், குனியினும் அவளுடைய முகம் படத்தினின்றும் விலகாது, கைகளும் கட்டுண்டிரா. வழக்கமான படப்பிடிப்பில் ஒளி நிற்குமிடத்துக்கு மனிதன் வந்து நிற்றல் வேண்டும். அசையாதே என்பதே அங்கு முதற் கட்டளை. நாள் முழுவதும் பொறியின் முன் அசையாது நின்று வேலைசெய்யும் பெண்ணுக்கு மீண்டும் அதே கட்டளையை இடுதல் கொடுமையாகும். இங்கே பொறி அவளைப் பின்பற்றிற்று. கைத்தொழில் வடிவமைப்புப் பயின்றவர் என்னும் செய்தி வொடிச்கோவின் வாழ்க்கைக் குறிப்பில் வெறும் விவரமாய்க் கிடப்பதன்று. இக்கருவியிலே அக்கல்வி அறமாகப் பயன்பட்டிருக்கின்றது.

கோளத்தின் வளைவும் வாளா இருக்கவில்லை. தட்டையான திரையில் முகம் ஓர் ஓவியமாகிவிடும். உருண்ட பரப்பிலோ நெற்றியும் மோவாயும் பின்வாங்க, கண்ணும் மூக்கும் வாயும் முன்னே பிதுங்கி வரும். அம்முகங்கள் அழகாக இருந்திரா. அழகாக இராமையே அவற்றின் சிறப்பு. கீழே சிற்றுருவாக நிற்கும் ஒருத்தி, மேலே கட்டடத்தளவு முகம். இரண்டும் ஒருவரே என்பதைக் கூட்டத்தினர் ஒரே நேரத்திற் கண்டனர். அவள் விம்மித் தடுமாறிய இடத்தில் மாளிகையும் தடுமாறிற்று.

இதனை வியந்துரைப்போர் பலர் இங்கேயே நின்றுவிடுகின்றனர். ஆனாற் கடினமான வினாக்கள் இதன் பின்னரே எழுகின்றன. பதிவுசெய்த சொல்லைத் திருத்தலாம், நீக்கலாம். நேரே சொன்ன சொல்லை மீட்டல் இயலாது. துன்புறுத்தியவன் அதே நகரத்தில், ஒருகால் அதே கூட்டத்தில், நின்றிருக்கலாம். இரண்டு இரவுகள் கழிந்தபின் ஒளியெறி கருவிகள் வண்டியேறிவிடும். பேசியவள் மறுநாட் காலையில் அதே தெருவால் வேலைக்குப் போதல் வேண்டும். வொடிச்கோ இதனை அறியாதவரல்லர். பெண்களோடு நெடுநாள் ஆயத்தஞ் செய்த பின்னரே அவர் அவர்களைச் சதுக்கத்துக்குக் கொணர்ந்தார். அச்சமின்றி உண்மை கூறலைக் குறிக்கும் 'பரேசியா' என்னும் பழைய கிரேக்கக் கருத்தையும் அவர் தம் கலைக்கு அடிப்படையாகக் கூறுவதுண்டு. ஆனால் அக்கிரேக்கக் கருத்திலேயே ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது: சொல்பவன் வலியோன் ஒருவனின் முன் நின்று, அவன் கேட்கும்படி சொல்லல் வேண்டும். கண்ணகியின் வழக்குரையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அவள் சொல்லுக்கு அத்துணை ஆற்றல் வந்தமைக்கு அவளுடைய சீற்றம் மாத்திரம் காரணமன்று. எதிரே அரியணையில் இருந்தவன் விடைகூறக் கடமைப்பட்டவன். திஹுவானாச் சதுக்கத்தில் அவ்வியரியணை வெறுமையாயிருந்தது. சாலை முதலாளியோ, காவற்றுறைத் தலைவனோ, நீதிபதியோ விடைகூறுமாறு அழைக்கப்பட்டிருப்பின் அது கலைநிகழ்ச்சியாய் இராது வழக்காகிவிடும் என்று சிலர் கூறுவர். ஆகட்டுமே! வழக்காகக் கூடாத ஒன்றை ஏன் வழக்கின் மொழியிற் பேசவைத்தல் வேண்டும்?

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டியலை இவ்விடத்துக் கொண்டுவருதல் பொருத்தமற்றதன்று. மருட்கை என்னும் வியப்புக்குப் புதுமையும் பெருமையும் நிலைக்களன்களுட் சேர்கின்றன. அழுகைக்கோ இழவும் வறுமையும் போல்வன. ஒளியெறி கலை தன் இயல்பாலேயே புதியது, பெரியது. ஆகவே அது காண்போரிடம் முதலில் எழுப்புவது மருட்கையே. அது பேசவந்த பொருளோ அழுகைக்கும் இளிவரலுக்கும் உரியது. மருட்கை முந்திக்கொண்டு அழுகையை விழுங்கிவிடுமாயின் இளையோரின் துயரம் வாணவேடிக்கையாய் முடியும். இன்று பல நகரங்களில் நடைபெறும் ஒளிவிழாக்களிலே மாணவரின் ஒற்றைவரி விருப்பங்களைச் சுவரில் வண்ண எழுத்தாய் ஓடவிட்டு, இளையோர் குரலுக்கு இடமளித்துவிட்டதாக விழாக்குழுவினர் மகிழ்வதைக் காணும்போது இவ்வையம் வலுப்படுகின்றது. அவ்வரிகளை எழுதியவன் எவன், எங்கே இருக்கின்றான் என்று கேட்பாரில்லை. திஹுவானா ஆக்கம் இக்குழியிலே விழாது தப்பியது கருவியின் நுட்பத்தால் மாத்திரமன்று. ஒவ்வொருத்தியும் தன் கதை முடியும்வரை பேசுதற்கு வேண்டிய காலம் அங்கு அளிக்கப்பட்டது. காலஞ் செல்லச் செல்லப் பெருமை பழகிப்போகும். பழகியபின் எஞ்சுவது சொல்.

மருட்கையை வேறொரு வழியால் வென்ற ஆக்கம் ஒன்று 2008 இல் மெக்சிக்கோத் தலைநகரிற் செய்யப்பட்டது. 1968 ஒக்டோபர் 2 ஆம் நாள் மாலை, அந்நகரத்துத் திலாத்தெலோல்கோச் சதுக்கத்திற் கூடிய மாணவர்மீது அரசுப் படைகள் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தன. பத்து நாட்களில் அங்கு ஒலிம்பிக்கு விளையாட்டுக்கள் தொடங்கவிருந்தன. மாண்டோர் தொகை பற்றி அரசின் கணக்கும் ஏனையோர் கணக்கும் ஒருபோதும் ஒத்ததில்லை. எலேனா பொனியத்தொவ்ஸ்கா அங்கிருந்தோர் வாய்மொழிகளைத் திரட்டி 1971 இல் நூலாக்கினார். நாற்பதாம் ஆண்டு நினைவையொட்டி, 1967 இல் அந்நகரிலேயே பிறந்த ரபாயேல் லொசானோ ஹெம்மர் அதே சதுக்கத்தில் 'உரத்த குரல்' எனப் பொருள்படும் 'வொஸ் அல்ற்றா' என்னும் ஆக்கத்தை நிறுவினார்.

அதன் அமைப்பு மிக எளிது. கொலை நிகழ்ந்த இடத்தில் ஒரு மெகபோன். வந்தவர் எவரும் அதிற் பேசலாம், தணிக்கையில்லை. பேசுங் குரலுக்கேற்ப 10 கிலோவாற்றுத் தேடொளி விளக்கொன்று மின்னும்: குரல் உயர ஒளி பெருகும், குரல் தாழ ஒளி மங்கும், பேச்சு நின்றால் இருள். அக்கதிர் அயலிலுள்ள முன்னாள் வெளிநாட்டமைச்சுக் கட்டடத்தின் உச்சியைத் தொட, அங்கிருந்து வேறு மூன்று தேடொளிகள் அதே துடிப்பை நகரத்தின் வெவ்வேறு திசைகளுக்கு அனுப்பின. சொற்களைக் கேட்க விரும்பியோர் பல்கலைக்கழக வானொலியின் 96.1 ஆம் அலைவரிசையைத் திருப்பல் வேண்டும். எவரும் பேசாத வேளைகளில் உயிர்தப்பியோரின் பழைய ஒலிப்பதிவுகளும் 1968 ஆம் ஆண்டின் இசையும் ஒலித்தன.

இங்கே முகமில்லை. மாளிகை முகமாகவில்லை, கல் அழவில்லை. தொலைவிலே மாடியில் நிற்பவன் வானத்தில் ஒரு வெளிச்சம் துடிப்பதை மாத்திரம் காண்கின்றான். அது என்ன சொல்கின்றது என்று அறிய வேண்டின் அவன் எழுந்துசென்று வானொலியைத் திருப்பல் வேண்டும். கேட்போனிடம் ஒரு செயலை வேண்டி நிற்கும் இவ்வமைப்பே இவ்வாக்கத்தின் பெருஞ்சிறப்பு. பேசுவோனுக்கும் இது காவலாகின்றது. அவன் முகம் நகரத்துக்குக் காட்டப்படுவதில்லை. இன்னுமொன்று: 1968 இல் அச்சதுக்கத்தின்மேல் வானிலே ஒளிச்சுடர்கள் தோன்றிய பின்னரே துப்பாக்கிகள் வெடித்தன என்பது அங்கிருந்தோர் பலரின் சாட்சி. கொலைக்குக் குறியாய் வந்த ஒளி தோன்றிய அதே வானத்தில், நாற்பது ஆண்டுகளுக்குப்பின் குரலுக்குக் கட்டுப்பட்ட ஒளி எழுந்தது. இதனைக் கலைஞர் கருதினாரோ இல்லையோ, அச்சதுக்கத்தை அறிந்தார்க்கு இது தோன்றாமற் போகாது.

குறையும் உண்டு. தணிக்கையற்ற மெகபோனிலே சாட்சி கூறியோரோடு காதலியை மணஞ்செய்யக் கேட்டோரும் வந்தனர். இரண்டுக்கும் விளக்கு ஒரேவகையாகவே மின்னிற்று. ஒளிக்குக் குரலின் உரம் தெரியும், பொருள் தெரியாது. மாண்ட மாணவரின் இடத்தில் இவ்விளையாட்டு எதற்கு என்று முகஞ்சுளிப்போரைக் குறைகூறல் இயலாது. ஆயினும் அன்று மாண்டவருட் பலரும் இளையோரே. அவர்க்கும் மணக்கும் ஆசை இருந்திருக்கும். துயரத்தைக் காவல்செய்யும் முதியோரை விட அச்சதுக்கம் அவ்விளைஞரின் உரத்த குரலுக்கே உரியது என்று கொள்ளுதலே நேர்மை.

மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, இளையோருக்கு மிகுதியாகக் கொடுத்ததும் அவரிடமிருந்து மிகுதியாக எடுத்ததும் திஹுவானா ஆக்கமே. பங்கர்க் குன்றில் இடம் பேசிற்று. திலாத்தெலோல்கோவில் ஒளி பேசிற்று. திஹுவானாவில் ஒருத்தி தன் முகத்தோடு பேசினாள். அதனாலேயே அதன் பின்னிகழ்வு பற்றிய வினா கூர்மை பெறுகின்றது. கலைநூல்களில் அது வொடிச்கோவின் ஆக்கம் என்றே குறிக்கப்படும். பேசிய பெண்களின் பெயர்களை மறைத்தல் அவர்க்குக் காவலாயிருக்கலாம். ஆனால் அக்காவலின் பயனாகப் புகழ் முழுவதும் ஒருவரிடமே சென்று சேர்கின்றது. காட்சிக்கூடங்களில் இன்று காட்டப்படும் பதிவிலே கோளத்தின் வளைவு தட்டையான திரைக்குள் அடங்கிவிட்டது. பேசியவள் கீழே நிற்பது தெரிவதில்லை. கூட்டத்தின் முணுமுணுப்பும் மங்கலாகவே கேட்கின்றது. பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து சில நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குச் செல்கின்றனர். அந்த முகம் மீண்டும் தொடக்கத்திலிருந்து பேசத் தொடங்குகின்றது.